வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு மெய்நிகர் விளையாட்டுப் பயிற்சி எப்படி உதவுகிறது?

கணினி உருவாக்கும் காட்சிக்குள் குழந்தை தன் உடல் அசைவாலேயே விளையாடுவதுதான் மெய்நிகர் பயிற்சி. தலையில் மாட்டும் கருவி கட்டாயமில்லை. 2006இல் வந்த நின்டெண்டோ வீ, 2010இல் வந்த கினெக்ட் போன்ற வீட்டு விளையாட்டுக் கருவிகளையே இயன்முறை மருத்துவர்கள் பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவும் தசைக் கட்டுப்பாடும் தடுமாறும் நிலை) உள்ள குழந்தைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் மூளை பற்றிக்கொள்ளும். ஆனால் "கையைத் தூக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஆறு வயதுக் குழந்தை மூன்றாவது முறையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதே குழந்தை, திரையில் மிதக்கும் குமிழியை உடைக்க இறுகிய முழங்கையை நீட்டும். எட்டாவிட்டால் இடுப்பைச் சாய்த்து மறுபடி நீட்டும். குமிழி உடைந்ததும் ஓர் ஓசை. சரியாகச் செய்தோம் என்பது அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. குமிழியின் உயரத்தை அந்தக் குழந்தைக்கு ஏற்றபடி சற்றே கூட்டலாம், குறைக்கலாம். தோற்றுத் தோற்றுத் துவண்ட பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

நாம் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியதும் இப்படித்தான். சமநிலையை யாரும் விளக்கவில்லை. ஓட்டும் ஆசை நம்மை நூறு முறை ஏறவைத்தது.

கைப்பேசியில் விளையாடக் கொடுப்பதும் இதுவும் ஒன்றல்ல: அங்கே விரல் மட்டும் அசைகிறது; இங்கே எந்த மூட்டு, எவ்வளவு நேரம் அசைய வேண்டும் என்பதை அருகிலிருக்கும் சிகிச்சையாளர் தீர்மானிக்கிறார், வழக்கமான பயிற்சிகளும் தொடர்கின்றன.