ரீச்சரைக் கேளுங்கள்: பிந்திய விமானமும் கரையோர வீதியும்

சென்ற இதழில், நானும் இவரும் மெல்பேர்ணில் இருக்கும் மகளிடம் போய், அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து ‘கிரேட் ஓஷன் ரோட்’ என்ற கரையோர வீதியில் சுற்றி வந்ததை நாலு வரியில் எழுதியிருந்தேன். வழமையாக இந்தப் பக்கத்துக்குப் பரீட்சை, பாடத்தெரிவு, பல்கலைக்கழக விண்ணப்பம் என்றுதான் கடிதம் வரும். இந்த முறை எல்லாரும் விமானம் ஏறிவிட்டீர்கள். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் மார்கழியில் மெல்பேர்ண் போகிறோம். நடுவில் விமானம் மாறவேண்டும், இடைவெளி ஒன்றேகால் மணி நேரம்தான். முதல் விமானம் பிந்தினால் எங்கள் கதி என்ன?
(ஓய்வுபெற்ற தபாலதிபர், உப்புவெளி)

ஐயா, முதலில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே பதிவு இலக்கத்தில் இருக்கின்றனவா? இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்ததில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் அவர்கள் பொறுப்பு. காசு மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் நிலைமை வேறு. இரண்டாவது விமானக்காரருக்கு நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். டிக்கெட் எடுத்துத் தருகிற பிள்ளைகள் விலையை மட்டும் பார்ப்பார்கள். இதைக் கேட்டு வாங்கவேண்டியது நாங்கள்தான்.

ஒரே பதிவாக இருந்தாலும் ஒன்றேகால் மணி நேரம் போதாது என்பது என் எண்ணம். மூன்று மணி நேரமாவது விடுங்கள். வயது போனவர்களுக்கு ஒரு முனையத்திலிருந்து அடுத்ததுக்கு நடப்பதே ஒரு பயணம்.

எங்களுக்கும் பிந்தியது. போகும்போது, விமானம் மாறிய இடத்தில். பலகையில் முதலில் ஒரு மணி நேரம் என்று போட்டார்கள், பிறகு இரண்டு, பிறகு நேரமே போடவில்லை. இவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, நான் கேட்காமலே ‘இன்னும் இல்லை’ என்பார். காரணம் எளிது. எங்களை ஏற்றவேண்டிய விமானம் இன்னும் வேறெங்கோ இருந்து வந்து சேரவில்லை. ஒரு விமானம் ஒரு நாளில் பல ஊர் போய்வருவதால், காலையில் ஓரிடத்தில் பிந்தினால் அந்தப் பிந்தல் இரவு வரை ஊர் ஊராகப் போகும். அதோடு விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் தொடர்ந்து வேலை செய்யக்கூடிய நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு. காத்திருந்தே அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், விமானம் வந்து நின்றாலும் ஓட்ட ஆள் இல்லை. எங்களுக்கு நடந்தது அதுதான். விடியத்தான் ஏற்றினார்கள்.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது சத்தம் போடுவதல்ல. கருமபீடத்தில் போய் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: சாப்பாட்டுக்குச் சீட்டுத் தருவீர்களா, இரவு தங்க இடம் தருவீர்களா, பிந்தியதற்குக் காரணத்தை எழுத்தில் தருவீர்களா. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருந்து புறுபுறுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் எழுதிய கடிதம் பிறகு பயணக் காப்புறுதிக்கு உதவும்.

லண்டன், பாரிஸ் போகிறவர்களுக்கும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 இல் கொண்டுவந்த 261 ஆம் இலக்க விதி இருக்கிறது. 3500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில் போய்ச்சேர 4 மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் ஆளுக்கு 600 யூரோ கேட்கலாம். புயல் போன்று விமானக்காரரின் கைமீறிய காரணம் என்றால் அது கிடையாது. அங்கிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும். இங்கிருந்து அங்கே போகும்போது, ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும். பிரித்தானியா விலகிய பிறகும் இதே போன்ற விதியைத் தனக்கென்று வைத்திருக்கிறது. நம் ஆட்களில் பலர் இதைக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, சிட்னி வழியாகப் போனால். அங்கே இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விமான நிலையத்துக்கு ஊரடங்கு மாதிரி ஒரு சட்டம், சுற்றியுள்ளவர்கள் தூங்கவேண்டும் என்பதற்காக. அதனால் இரவின் கடைசி விமானம் கொஞ்சம் பிந்தினாலும் மறுநாள் காலைதான். மெல்பேர்ணில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்?
(வாசகி, தம்பலகாமம்)

நள்ளிரவு விமானமா? அப்படியென்றால் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வெளிக்கிடுங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். அது விலகும்வரை வானுக்குள் இருந்துகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பது, விமானநிலையப் பலகையைப் பார்ப்பதைவிட மோசம். கொழும்பில் சொந்தக்காரர் இருந்தால் முதல்நாள் இரவு ரயிலில் போய்விடுவதும் நல்லது.

கேள்வி: ரீச்சர், உண்மையிலேயே நீங்களா ஓட்டினீர்கள்? அங்கே ஓட்ட எங்கட சாரதி அனுமதிப்பத்திரம் காணுமா?
(ஆசிரியை, கிண்ணியா)

நான்தான் ஓட்டினேன் பிள்ளை. இவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்ததிலிருந்து கார்ச் சாவி என்னிடம்தான். இதில் இன்னொரு இலாபம் அவருக்கு. மெல்பேர்ணிலிருந்து மேற்கே போகும்போது கடல் இடது பக்கம். அங்கேயும் எங்களைப் போல இடது பக்கம்தான் ஓட்டுவது, ஸ்டியரிங் வலது பக்கம். ஆக, கடலோரத்து யன்னல் முழுவதும் அவருக்கு, வளைவு முழுவதும் எனக்கு. ‘ஐயோ அங்கே பார், அங்கே பார்’ என்பார். எப்படிப் பார்ப்பது? ஓட்டுகிறவர் வீதியைத்தான் பார்க்கலாம். ஆகவே ஒரு ஒப்பந்தம் செய்தோம்: அவர் மூன்று தடவை ‘பார்’ என்றால் நான் அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தவேண்டும். மேற்கே போகும்போது தரிப்பிடங்கள் பெரும்பாலும் இடது பக்கமே இருப்பதால் எதிர்வரும் வாகனத்தைக் குறுக்கே வெட்டத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், டோர்க்கியில் தொடங்கி மேற்கே போங்கள். திரும்பி வரும்போது கொலாக் வழியாக உள்நாட்டுப் பெருவீதியில் வந்துவிடுங்கள். நேராக இருக்கும், கெதியாகவும் வரலாம்.

விக்ரோரியா மாநிலத்தில் சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் தங்கள் நாட்டு அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டலாம், அதில் ஆங்கிலம் இருக்கவேண்டும். நம்முடையதில் இருக்கிறது. புகைப்படப் பிரதி காணாது, மூலத்தையே கொண்டுபோங்கள். எதற்கும் சர்வதேச அனுமதிப்பத்திரம் ஒன்றும் எடுத்து வைத்தால் வாடகைக் கார்க் கருமபீடத்தில் கதை குறையும். காரைப் பதியும்போது உங்கள் விமான இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். பிந்தினால் அவர்களுக்கே தெரியும். விபத்து என்றால் முதலில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். அந்தத் தொகை சில நேரம் சிரிப்பை நிறுத்திவிடும்.

ஆனால் இறங்கிய அன்றே காரை எடுக்காதீர்கள். மார்கழியில் மெல்பேர்ண் நேரம் எங்களைவிட ஐந்தரை மணி முன்னால். அங்கே காலை ஏழு மணி என்றால் உங்கள் உடம்புக்கு இரவு ஒன்றரை. கண் திறந்திருக்கும், மூளை தூங்கும். நாங்கள் முதலிலேயே காரை இரண்டு நாள் தள்ளித்தான் பதிந்திருந்தோம். அதனால்தான் விமானம் விடிய வந்தபோதும் ஒன்றும் குழம்பவில்லை. பதிவு, விடுதி, அடுத்த ஊர் என்று எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருந்த ஒரு சோடியை அந்தக் காத்திருப்பில் பார்த்தேன். பாவம், அவர்கள் அந்த இரவு முழுதும் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபடியே இருந்தார்கள்.

வீதியில் என்ன வித்தியாசம் என்றால், ஹோர்ன் அடிக்கமாட்டார்கள். இங்கே ஹோர்ன் ஒரு மொழி. ‘வருகிறேன்’, ‘விலகு’, ‘மச்சான் எப்படி’ எல்லாம் அதில்தான். அங்கே அடித்தால் ஏசுகிறீர்கள் என்று அர்த்தம். பின்னால் வாகனம் சேர்ந்தால், மெதுவாகப் போகிறவர்களுக்கென்று ஓரம் விட்டிருக்கிறார்கள். அதில் ஒதுங்கி அவர்களைப் போகவிடுங்கள். பொழுதுபடும் நேரம் ஓட்டாதீர்கள், கங்காரு பாயும். எங்கள் கோட்டைக்குள் மான் நிற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு அது அதிசயமில்லை. ஆனால் நம்முடைய மான் பஸ் நிலையத்தில் சோற்றுப் பொதி தேடி ஆறுதலாக நடக்கும். கங்காரு வந்த பிறகுதான் தெரியும்.

அப்பலோ பே என்ற ஊரைத் தாண்டியதும் வீதி கடலை விட்டு ஒட்வே காட்டுக்குள் போகும். அங்கே தொலைபேசித் தொடர்பு அடிக்கடி அறுந்துவிடும். வரைபடத்தை முதலே இறக்கி வையுங்கள், பெற்றோலும் அப்பலோ பேயில் அடித்துவிடுங்கள். மெல்பேர்ணின் சில பெருவீதிகளில் கட்டணம் உண்டு, ஆனால் காசு வாங்க ஆள் இல்லை, கமரா பிடித்துக் கணக்கில் போடும். வாடகைக் கார்க்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டு வையுங்கள்.

கேள்வி: நிலாவெளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடல் பார்க்க அவ்வளவு தூரம் போனீர்களா? சும்மா கேட்கிறேன்.
(மீன்பிடிச் சங்கத் தலைவர், சாம்பல்தீவு)

சும்மா கேட்கவில்லை, குத்துகிறீர்கள். சொல்கிறேன். கடலுக்காக என்றால் போகவேண்டியதில்லை. அங்கே வெயில் எறிக்கும் நாளிலும் தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு குளிரும். குளிக்க இறங்குகிறவர்கள் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் இறங்கவேண்டும், உயிர்காப்பாளர் அங்கேதான் பார்ப்பார். வைகாசி தொடங்கி புரட்டாதி வரை நிலாவெளியில் குளிக்கிற சுகம் அங்கே இல்லவே இல்லை.

பாறைக்காகப் போகலாம். நம் கோணேசர் மலை உறுதியான பாறை. இராவணன் வெட்டுக்குக் கீழே எத்தனை காலம் அலை அடித்தும் அசையவில்லை. போர்ட் கேம்பல் பக்கத்தில் இருப்பது சுண்ணாம்புக்கல், கடலுக்கடியில் சேர்ந்த மென்மையான கல். தெற்கே அன்ராட்டிக்கா வரை தரையே இல்லை. அவ்வளவு தூரம் தடையின்றி வருகிற அலை வந்து மோதினால் அந்தக் கல் என்ன செய்யும்? முதலில் குகை, குகை இரண்டு பக்கமும் துளைத்தால் வளைவு, வளைவின் முதுகு முறிந்தால் தனித் தூண். வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய படம் முழுக்க அங்கே வரிசையாக நிற்கிறது. அந்தத் தூண்களைப் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்’ என்பார்கள், பன்னிரண்டு ஒருபோதும் இருந்ததில்லை. 2005 ஆடியில் ஒரு தூண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்தது. ‘லண்டன் பிரிட்ஜ்’ என்ற வளைவு 1990 இல் இடிந்தபோது, அந்தப் பக்கம் நடந்துபோன இரண்டு பேர் திரும்பமுடியாமல் நடுக்கடலில் மாட்டி, ஹெலிகொப்டர் வந்து தூக்கியது. இங்கே நாங்கள் மலையைப் பார்க்கப் போனால் அது நாளைக்கும் இருக்கும் என்று தெரியும். அங்கே அப்படி இல்லை. அதனால் நின்று பார்ப்பீர்கள்.

வீதியின் கதையும் உங்களுக்குப் பிடிக்கும். அந்தக் கரையோர ஊர்களுக்கு முன்பு கடலால் அல்லது காட்டுப் பாதையால்தான் போகமுடியும். கிண்ணியாவில் 2009 இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் வாகனத்தைப் ‘பாதை’ என்ற மிதவையில் ஏற்றி இறக்கின மாதிரி என்று வையுங்கள். முதலாம் உலகப்போர் முடிந்து வீடு திரும்பிய படைவீரர்கள், திரும்பாத தோழர்களின் நினைவாக 1919 இலிருந்து 1932 வரை அதை வெட்டினார்கள். பெரும்பாலும் மண்வெட்டியாலும் பிக்காசாலும். 243 கிலோமீற்றர். ஈஸ்டேர்ன் வியூ என்ற இடத்தில் வீதிக்குக் குறுக்கே மரத்தால் ஒரு நினைவு வளைவு நிற்கிறது, எல்லாரும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். நம் நிலாவெளி வீதியில் இருக்கிற யுத்த மயானத்தை எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறோம்? நானே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் உள்ளே ஒவ்வொரு கல்லாக வாசித்தேன்.

கேள்வி: மகளுக்குக் கறிவேப்பிலையும் கருவாடும் கொண்டுபோகலாமா?
(அம்மம்மா ஒருவர், மூதூர்)

கறிவேப்பிலைப் பச்சை இலை கூடவே கூடாது அம்மா. தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கிற ஒரு நோயைப் பரப்பும் பூச்சி அதில் இருக்கலாம் என்று பயப்படுகிறார்கள். விதை, பச்சை மரக்கறிக்கும் இதே கதைதான். மற்றச் சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் விமானத்தில் தருகிற அட்டையில் ‘ஆம்’ என்று எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் பார்த்துவிட்டுத் தருவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், குற்றமில்லை. ஒளித்தால்தான் தண்டம், அது சின்னத் தொகை அல்ல. சீனி வருத்தம், பிரசர் குளிசைகள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி எந்த ஊரில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்குக் காணக்கூடியதை, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துத் துண்டோடு கொண்டுபோகலாம்.

கேள்வி: இத்தனை நாள் இரண்டு பேரும் தனியாக, ஒரே காருக்குள். சண்டை வரவில்லையா?
(பெயர் வேண்டாம், திருகோணமலை நகரம்)

வந்தது. வழி சொல்கிற தொலைபேசிப் பெண்ணை இவர் நம்பமாட்டார், கையில் மடித்த வரைபடம் வேறு. அவள் இடது என்றால் இவர் நேரே என்பார். லோர்ன் வரும்போது தொலைபேசியை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு பிழை விட்டால் குற்றம் சொல்ல ஒரே ஆள்தான் இருந்தார், அவரும் கவனமாகப் பார்த்தார்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. நடப்பார், ஆனால் நீண்ட தூரம் முடியாது. சக்கர நாற்காலி கேட்டால் காசு கேட்பார்களா?
(வங்கி ஊழியர், கன்னியா)

இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், பிந்திப்போனால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது. விமானம் மாறுகிற இடத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள், பலர் புறப்படும் இடத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு நடுவில் அவதிப்படுகிறார்கள். விமானம் பிந்தினால் சக்கர நாற்காலி தள்ளுகிறவர் முறை மாறிப் போய்விடுவார். அம்மாவை வாயிலுக்குப் பக்கத்தில், கழிவறை தெரியும் இடத்தில் விடச் சொல்லுங்கள். விமான இலக்கத்தையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு அட்டையும், ஒரு சால்வையும் அவர் கைப்பையில் இருக்கட்டும். குளிரூட்டியை அவர்கள் நமக்காகக் குறைக்கமாட்டார்கள்.