அட்டையில் நாயகன், தட்டில் வேறு குரல்

கேள்வி: அண்ணாச்சி, ஆன்லைனில் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு பழைய படத்தின் எல்.பி. இசைத்தட்டு வாங்கினேன். அட்டையில் கதாநாயகன் ஜம்மென்று நிற்கிறார். ஓடவிட்டால் பாடுவது வேறு யாரோ. அட்டையின் பின்னால், மூலையில், எறும்பு எழுத்தில் ‘வெர்ஷன் ரெக்கார்டிங்’ என்று போட்டிருக்கிறது. விற்றவரோ, "போட்டோ பாத்துத்தானே வாங்குனீங்க" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போட்டோ போட்டார் சரி, முன்பக்கத்தை மட்டும்தானே போட்டார்? அங்கேதான் அவர் மாட்டுகிறார்.

‘வெர்ஷன் ரெக்கார்டிங்’ என்றால் ஒரு பாட்டை வேறு ஆளைப் பாடவைத்து வெளியிடுவது. சட்ட நிபந்தனைப்படி செய்தால் அதில் தப்பில்லை. ஆனால் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த 31சி பிரிவு, அப்படிப்பட்ட பதிவின் அட்டை எப்படி இருக்கக் கூடாது என்றே சொல்கிறது. முதலில் பாடியவரின் பெயரோ படமோ கூடாது. அந்தப் பாட்டு வந்த சினிமாவைக் காட்டவும் கூடாது. இது மறுபதிவு என்று அட்டையிலேயே எழுத வேண்டும். உங்கள் தட்டு அதற்கு முந்தையதாக இருந்தாலும் கவலை வேண்டாம், நீங்கள் பிடிக்க வேண்டியது விற்றவரை. விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லையென்றால் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்பது 2020-இன் மின்வணிக விதி.

விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அது இருக்காது. எழுத்தில் பணம் கேளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வாங்கி 2 வருஷத்துக்குள் போய்விடுங்கள்.

கேள்வி: கேசட் காலத்திலிருந்தே அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் பாட்டு வாங்குவேன். இப்போது போனிலும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன். வீட்டுக்காரர் கேலி செய்கிறார். நான் ஏமாளியா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை தங்கச்சி. அல்வாக் கடையில் ஒரு துண்டு கிள்ளிக் கையில் வைப்பார்கள், தின்று பார்த்துவிட்டுக் கால் கிலோ சொல்வோம். ஒட்டி மூடிய பாட்டுக்கு அந்த வசதி ஏது? அட்டைதான் அந்தக் கிள்ளல்.

இதை வியாபாரமாக்கியவர் அமெரிக்காவில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். அதுவரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெறும் தாள் உறையிலும் மொட்டை அட்டையிலும்தான் வந்தன. 1940-இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்காக அவர் அட்டைக்குப் படம் போட ஆரம்பித்தார், அப்போது வயது 23. விற்பனை கூடியதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் பின்னால் ஓடின.

எல்.பி. அட்டை 12 அங்குலச் சதுரம். அதில் ஒரு ஓவியமே தீட்டலாம். கேசட்டில் அது உள்ளங்கைக்குள் சுருங்கியது, போனில் தபால்தலை. இடம் குறையக் குறைய மிஞ்சுவது முகம் மட்டும்தான். நம் ஊரில் சினிமாப் பாட்டு அட்டையில் பாடியவரைவிட வாயசைத்தவர் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். (இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும்.)

நானும் ஏமாந்தவன்தான். ஒரு கோயில் கொடைவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு, அதே கதை கேசட்டாக வேண்டுமென்று டவுன் ரதவீதியில் தேடினேன். கண்ணாடி அலமாரிக்குள் சுடலைமாடன், கையில் அரிவாள், பின்னால் சிவப்பு. இதுதான் என்று வாங்கி வந்தேன். போட்டால் வேறு குரல், உடுக்கைச் சத்தமே வேறு. திரும்பப் போய்க் கேட்டேன். "படம் சாமியோடது தம்பி, பாட்டு யாருன்னு மடிச்சுருக்க தாள்லலா பாக்கணும்" என்றார் கடைக்காரர். அதே படத்தில் இன்னும் இரண்டு குழுவின் கேசட்டை எடுத்தும் காட்டினார்! அதன்பிறகு பாடியவர் பெயரையும் ஊரையும் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பேன்.

நீங்களும் படத்தை ரசித்துவிட்டு அட்டையைத் திருப்புங்கள். ஒலிப்பதிவைத் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமை யாருடையது, முதலில் வெளியான ஆண்டு, இவ்வளவும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். இதெல்லாம் இல்லாமல் படம் மட்டும் பளபளத்தால் டூப்ளிகேட் என்று சந்தேகப்படுங்கள். போனிலா, வாங்குமுன் கொஞ்சம் கேட்டுவிடலாம். வீட்டுக்காரர் சட்டை எடுக்கும்போது பெட்டிப் படத்தைப் பார்ப்பாரா மாட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அட்டை கிழிந்த தட்டை வாங்கலாமா?
- வாசகர், களக்காடு

பதில்: கேட்கத்தான் என்றால் தாராளமாக. விலை விவரம் தெரிந்தவர்கள் தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் என்று தனித்தனியாகத்தான் போடுவார்கள். அட்டை போனதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். சேர்த்து வைக்க வாங்குகிறீர்கள் என்றால் அட்டையில் உள்ள எண்ணும் தட்டின் நடு லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். நல்ல அட்டைக்குள் வேறு தட்டைச் சொருகி விற்பதும் உண்டு.