“யாரிடமும் சொல்லாதே” – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

முதியோருக்கான சேவையில் இரண்டு ஆண்டுகளாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். நான் வாராவாரம் சந்திக்கும் ஒரு வயதான அம்மா, மகன் தன் ஓய்வூதியத்தைப் பிடுங்கிக்கொள்வதாகவும் கேட்டால் அடிப்பதாகவும் சொன்னார். “யாரிடமும் சொல்லாதே, எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகிறது. நான் அவர் விருப்பத்தை மதிக்கிறேனா, அவரைக் கைவிட்டுவிட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கைவிடவில்லை. வாராவாரம் போய்க்கொண்டுதானே இருக்கிறீர்கள். ஆனால் “சரி என்று சொல்லிவிட்டேன்” என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நானும் அப்படிச் சொன்னவன்.

சமூகப் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பெண் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடியபடியே பேசினார். வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் காயம் முகத்தில் இருந்தது. வாக்கை மீறி உதவி கேட்டேன். அவர் பாதுகாப்பான இடத்துக்குப் போனார், அதன் பிறகு என்னிடம் பேசவே இல்லை. வெளியே சொன்னதற்காக நான் வருந்தவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததற்காக இன்றும் வருந்துகிறேன். ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

1957இல் சமூகப் பணிப் பேராசிரியர் பெலிக்ஸ் பீஸ்டெக் நம் பணிக்கு வகுத்த ஏழு கோட்பாடுகளில், பயனாளியின் சுயநிர்ணயமும், அதாவது தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையும், ரகசியம் காத்தலும் உண்டு. இரண்டும் உங்கள் மௌனத்தின் பக்கம்தான். பிற்பாடு சமூகப் பணி அறநெறி பற்றி எழுதிய லோவன்பெர்க், டோல்காஃப் இருவரும், கோட்பாடுகள் மோதினால் எதை முன்வைப்பது என்று வரிசைப்படுத்தினார்கள். அதில் உயிர்காப்பு முதலாவது, சுயநிர்ணயம் மூன்றாவது, ரகசியம் ஆறாவது. வரிசை உதவும், ஆனால் எந்த அடி உயிருக்கு ஆபத்து என்பதை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும். அடி அடிக்கடி விழுகிறதா, கூடிக்கொண்டே போகிறதா? சாப்பாடும் மருந்தும் வேளைக்குக் கிடைக்கின்றனவா? கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறானா?

அந்த அம்மா தெளிவான மனதோடு இருந்தால், நமக்குப் பிடிக்காத முடிவை எடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் “எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்” என்பது முடிவா? வேறு வழி தெரியாதவரின் பேச்சு அது. ஓய்வூதியம் அவர் கைக்கே வரும்படி செய்ய முடியும் என்று அவருக்குத் தெரியுமா? புகார் என்றதும் மகன் சிறைக்குப் போவான் என்று பயப்படுகிறாரா, தன்னை விட்டுப் போய்விடுவான் என்றா? இரண்டு பயத்துக்கும் பதில் வேறு வேறு. வழிகளை அவர் முன் வைத்த பிறகு அவர் வேண்டாம் என்றால், அதுதான் அவருடைய முடிவு. அதுவரை நாம் மதித்துக்கொண்டிருப்பது அவருடைய பயத்தை.

மேற்பார்வையாளரிடம் இந்த வாரமே பேசுங்கள். இதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. முதியோர் மீதான வன்முறையைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சட்டம் சொல்கிறதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். அப்படிச் சொன்னால் மௌனம் உங்கள் கையில் இல்லை. கோப்பில் அந்த அம்மா சொன்ன சொற்களை அப்படியே, தேதியோடு எழுதுங்கள். அந்தக் கோப்பு மகன் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்பார்வையாளரிடம் போகும் முன், மகன் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த அம்மாவிடம் போங்கள். “அன்றைக்கு அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன் அம்மா. உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் என்னால் பேசாமல் இருக்க முடியாது. யாரிடம் பேசினாலும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன்” என்று சொல்லுங்கள். கோபப்படுவார். எழுந்து வந்துவிடாதீர்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்