காமர்ஸ் படித்தவர் நர்சிங் சேர முடியுமா?

வாசகி, எடிசன், நியூஜெர்சி: பிளஸ் டூவில் காமர்ஸ், பிறகு பி.காம். பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கும் எனக்கும் தொடர்பு விட்டுப்போனது. இப்போது வயது 36. இங்கே கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேரும் முன் கெமிஸ்ட்ரி, அனாடமி-பிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி எல்லாம் முடித்திருக்க வேண்டுமாம். ஒரே வருடத்தில் முடித்துவிடலாமா?

தாராளமாகச் சேரலாம். ஆனால் ஒரே வருடத்தில் முடிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். லேப் உள்ள 4 கிரெடிட் பாடத்துக்கு, வகுப்பு நேரம் போக வாரத்துக்கு 8 முதல் 12 மணி நேரம் வீட்டில் படிக்க வேண்டியிருக்கும். அப்படி இரண்டு பாடங்களை ஒன்றாக எடுத்தால் அதுவே முழுநேர வேலை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல கல்லூரிகளில் 'சி' கிரேடு குறைந்தபட்சத் தகுதிதான். இடம் கிடைப்பது 'ஏ', 'பி' வாங்கியவர்களுக்கே. ஒரு பாடத்தை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் உண்டு. நடுவில் விலகினால் அதையும் ஒரு முறையாகக் கணக்கில் எடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அவசரப்பட்டு வாங்கும் ஒரு 'டி' உங்களை ஒரு வருடம் பின்னால் தள்ளிவிடும்.

பணம் கட்டும் முன் நர்சிங் துறை அட்வைசரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை எழுதுவதற்கு வரம்பு எத்தனை? அறிவியல் மதிப்பெண் எத்தனை வருடம் செல்லும் (5 அல்லது 7 வருடம் என்று வைப்பது வழக்கம்)? ஆன்லைன் லேப் செல்லுமா? பி.காம். சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது பாடவாரியான அறிக்கையாகக் கேட்டு வாங்குங்கள். பட்டத்தை மட்டும் சொல்லும் அறிக்கையை வைத்து, நீங்கள் படித்த புள்ளியியலுக்கு விலக்கு கேட்க முடியாது.

முதல் செமஸ்டரில் அறிவியல் பாடம் கெமிஸ்ட்ரி ஒன்று போதும். வேண்டுமானால் ஆங்கிலமோ சைக்காலஜியோ சேர்த்துக்கொள்ளலாம். அடுத்து அனாடமி-பிசியாலஜி முதல் பாகம், பிறகு இரண்டாம் பாகம், கடைசியில் மைக்ரோபயாலஜி. கோடையில் 8 வாரத்தில் ஓடி முடியும் அனாடமி வகுப்பு உங்களுக்கு வேண்டாம்.

கெமிஸ்ட்ரியை ஏன் முதலில் வைக்கச் சொல்கிறோம்? அனாடமி வகுப்பில் அயனி (மின்னேற்றம் உள்ள அணு), பி.ஹெச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்), கரைசலின் செறிவு எல்லாம் முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே ஓடிவிடும். அதைத் தவறவிட்டவருக்கு நரம்பு, சிறுநீரகம், மூச்சு எதுவும் புரியாது; மனப்பாடம் மட்டும்தான் மிஞ்சும். ரத்தத்தின் பி.ஹெச். 7.35 முதல் 7.45 வரை. அது 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால், 'வெறும் 0.3 தானே' என்று தோன்றும். ஆனால் பி.ஹெச். ஒரு எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும், 0.3 இறங்கினாலே ஏறத்தாழ இரண்டு மடங்கு. நார்மல் சலைன் என்பது 0.9 சதவீதம், அதாவது ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. அதில் சிவப்பணு அப்படியே இருக்கும். வெறும் தண்ணீரில் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து வெடித்துவிடும். இந்த இரண்டையும் காகிதத்தில் நீங்களே வரைந்து பிறருக்கு விளக்க முடிந்தால், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

வகுப்பு தொடங்க 8 வாரம் இருக்கிறதா? தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் கணக்கு: பின்னம், விகிதம், கிராம்-மில்லிகிராம் மாற்றம். ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 2.2 பவுண்டு, குழந்தைகளுக்கான மருந்தளவை எடையை வைத்துப் போடும்போது நர்ஸுக்கு அது தினமும் வேண்டும். அடுத்த மூன்று வாரம் அணு, அயனி, பிணைப்பு, பி.ஹெச். பிறகு செல். கடைசியாக மருத்துவச் சொற்களின் துண்டுகள்: 'ஹைப்போ' குறைவு, 'ஹைப்பர்' அதிகம், 'கேல்' பொட்டாசியம், 'ஈமியா' ரத்தத்தில் இருப்பது. இவை தெரிந்தால் 'ஹைப்போகேலீமியா' என்ற சொல் தானாகவே பிரிந்து பொருள் தரும்.

வாசகி, டாலஸ்: அனாடமி புத்தகத்தைப் பலமுறை படித்துவிட்டேன். ஆனாலும் லேப் தேர்வில் பெயர்கள் நினைவுக்கு வருவதில்லை.

திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் பழகிப்போகும். அந்தப் பழக்கத்தைத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். லேப் தேர்வில் உடலுறுப்பு மாடலில் ஒரு குண்டூசி குத்தியிருப்பார்கள். சுமார் ஒரு நிமிடத்தில் பெயரை எழுத்துப் பிழையின்றி எழுதிவிட்டு நகர வேண்டும். அதனால் வீட்டிலும் அதையே செய்யுங்கள். லேபில் அனுமதி இருந்தால் மாடலைப் பல கோணங்களில் போட்டோ எடுத்து, பெயரை மறைத்து, கையால் எழுதிப் பாருங்கள். தவறியவற்றை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் எழுதுங்கள். இலியம் என்று காதில் விழும் சொல் இரண்டு உண்டு: ஒன்று இடுப்பெலும்பு, இன்னொன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி. ஆங்கிலத்தில் நடுவில் 'ஐ' வந்தால் எலும்பு, 'ஈ' வந்தால் குடல். அந்த ஒரு எழுத்துக்கு மதிப்பெண் போகும்.

இதயத்தைப் படிக்கும்போது வலது ஏட்ரியத்தில் (வலது மேல் அறையில்) தொடங்கி ரத்தம் போகும் வழியை வால்வுகளோடு தினம் ஒருமுறை புத்தகம் பார்க்காமல் வரையுங்கள். நுரையீரலுக்குப் போகும் ஆர்ட்டரியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். பலரும் சறுக்குவது இங்கேதான். ஆர்ட்டரி என்றால் இதயத்திலிருந்து வெளியே போவது. ஆக்சிஜனை வைத்து அந்தப் பெயர் வரவில்லை.

வாசகர், அட்லாண்டா: நர்சிங் சேர்க்கைக்கான டீஸ் (TEAS) நுழைவுத் தேர்வை எப்போது எழுதுவது நல்லது?

அனாடமி இரண்டு பாகமும் முடித்த கையோடு எழுதுங்கள். அறிவியல் பகுதியில் 60 நிமிடத்துக்கு 50 கேள்விகள். மதிப்பெண் கணக்கில் வருவது 44. அதில் 18 அனாடமி-பிசியாலஜியிலிருந்து. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.