பாய்மரத்தைத் தனியாளாக நிமிர்த்துதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு வாவியிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சிறிய பாய்ப்படகு வைத்திருப்போர் அனுப்பிய கேள்விகளுள், துணைக்கு ஆளில்லாமல் பாய்மரத்தை நிமிர்த்துவதும் சாய்ப்பதும் பற்றியவை இங்கே சேர்க்கப்பட்டுள்ளன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் படகின் அலுமினியப் பாய்மரம் 6 மீற்றர் நீளமும் சுமார் 15 கிலோகிராம் எடையும் கொண்டது, அடியில் கீல் உண்டு. மரத்தைப் பின்பக்கமாகப் படுக்க வைத்து, முன் கம்பியில் (மரத்தை முன்பக்கம் பிடித்து நிறுத்தும் கம்பி) கயிறு கட்டி அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, இழுத்தால், கயிறு விறைக்கிறதே தவிர மரம் எழும்புவதில்லை. கப்பி பூட்டியும் பயனில்லை. (கல்லடி)

பதில்: உங்கள் கையில் பலம் போதாமல் இல்லை, கயிறு இழுக்கும் கோணம்தான் தவறு. மரம் கீலைச் சுற்றித் திரும்ப வேண்டுமானால், கயிறு செல்லும் கோடு கீலிலிருந்து போதிய தூரம் விலகியிருக்க வேண்டும். மரம் கிடையாகக் கிடக்கும்போது அந்தக் கயிறு கீலின் மேலாகவே ஓடுகிறது; எவ்வளவு இழுத்தாலும் அந்த விசை முழுவதும் மரத்தைக் கீலோடு அழுத்துவதிலேயே செலவாகிவிடும். மரத்தைப் பின்னால் ஒரு கவைக்கட்டையில் (தலை இரண்டாகப் பிரிந்த தாங்குகட்டை) ஏற்றி, 10 பாகை அளவு உயர்த்தி வைத்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. முன் கம்பி மரத்தில் 4.5 மீற்றர் உயரத்திலும், அணிய வளையம் கீலுக்கு 1.8 மீற்றர் முன்னாலும் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், தொடக்கத்தில் ஏறத்தாழ 200 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். கப்பியும் கொளுவியும் அதைத் தாங்கினாலும் கீல் தாங்குமா என்பது சந்தேகம்.

இதற்குத் தீர்வு தூக்குத் தடி. 1.8 மீற்றர் நீளமுள்ள முற்றிய மூங்கிலோ இரும்புக் குழாயோ போதும். அதன் அடியைப் பாய்மரத்தின் அடியில், கீலுக்கு அருகே, வழுக்காதபடி பொருத்தி, பாய்மரத்துக்குச் செங்கோணமாக நிறுத்துங்கள். முன்பாயை ஏற்றும் கயிற்றின் நுனியைத் தடியின் தலையில் கட்டி, மறுமுனையை மரத்தில் இறுக்கிவிடுங்கள். தடியின் தலையிலிருந்து அணிய வளையத்துக்குக் கப்பித் தொகுதி செல்ல வேண்டும். இப்போது கயிற்றின் கோடு கீலிலிருந்து ஏறத்தாழ 1.27 மீற்றர் விலகிவிடுகிறது. மரத்தின் பாரம் அதன் நடுவில், அதாவது 3 மீற்றரில் இருப்பதாகக் கொண்டால், 15 கிலோகிராம் மரத்துக்குத் தொடக்கத்தில் 35 கிலோகிராம் அளவு இழுவிசை போதும். பெரும்பாயை இழுத்துப் பிடிக்கும் நான்கு மடிப்புக் கப்பித் தொகுதியைக் கழற்றி இங்கே பூட்டினால் கைக்கு வருவது 9 கிலோகிராம். உராய்வையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். மரம் எழும்ப எழும்பப் பாரம் குறைந்துகொண்டே போகும்; மரம் நிமிரும்போது தடி அணியத்தை நோக்கிப் படுத்துவிடும். முன் கம்பியைக் கொண்டு தூக்காமல் பாய்க்கயிற்றைப் பயன்படுத்தச் சொன்னதற்கும் காரணம் உண்டு: மரம் நிமிர்ந்ததும் கப்பித் தொகுதியே அதைப் பிடித்துக்கொண்டிருக்க, சும்மா தொங்கும் முன் கம்பியை நீங்கள் ஆறுதலாக அணியத்தில் பூட்டலாம்.

கப்பித் தொகுதியின் இழுகயிற்றைப் படகின் பக்கவாட்டில் கொண்டுவந்து, ஒரு கையால் இழுத்து உடனே கட்டக்கூடிய பிடிகட்டை ஒன்றில் ஓட விடுங்கள். மரம் விழக்கூடிய பாதையில் நின்று இழுக்காதீர்கள்.

கேள்வி: மரம் பாதி எழும்பியதும் இடப்பக்கமோ வலப்பக்கமோ சரிகிறது. ஒருமுறை கீலின் ஓரம் கிழிந்தேவிட்டது. மரத்தை இருபக்கமும் பிடிக்கும் பக்கக் கம்பிகள் இரண்டும் பூட்டித்தான் இருந்தன. (வாழைச்சேனை)

பதில்: என் கணிப்பில், தனியாளாக வேலை செய்வோருக்குப் பாரத்தைவிடப் பெரிய தொல்லை இதுவே. பக்கக் கம்பிகள் படகில் பூட்டியிருக்கும் இடம் கீலின் அச்சுக்கு நேர்பக்கத்தில், அதே உயரத்தில் இருந்தால் மாத்திரமே, மரம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் அவை ஒரே இறுக்கத்தில் நிற்கும். பெரும்பாலான சிறு படகுகளில் அந்தப் பூட்டிடங்கள் மரத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், மரம் பின்னால் சாயும்போது கம்பிகள் தளர்ந்து, நிமிரும்போதுதான் இறுகும். ஆகவே நடுவழியில் மரத்தைப் பக்கவாட்டில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. சிற்றலை ஒன்றோ, டிரெய்லரின் ஒரு சக்கரம் மணலில் புதைவதோ அதைச் சரித்துவிடும்.

இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு தற்காலிகக் கயிறு வேண்டும். மரத்தின் நடு உயரத்தில் கட்டிய கயிற்றின் கீழ்முனையை ஓர் இரும்பு வளையத்தில் முடியுங்கள். அந்த வளையம் கீலின் அச்சுக்கு நேராக நிற்கும்படி, அதிலிருந்து முன்னும் பின்னும் கீழுமாகப் படகின் ஓரத்திலுள்ள உறுதியான இடங்களுக்குக் குட்டைக் கயிறுகள் கட்டுங்கள். நீளங்களை ஒருமுறை சரிபார்த்து முடிச்சிட்டுவிட்டால் பிறகு மாற்ற வேண்டியதில்லை. தூக்குத் தடியின் தலைக்கும் இப்படியே இரண்டு பக்கக் கயிறுகள் வேண்டும்; தடி சரிந்தால் மரமும் கூடவே போகும். கிழிந்த கீலைத் தட்டி நிமிர்த்திப் பாவிக்க வேண்டாம், புதிதாகப் பொருத்துங்கள்.

கேள்வி: வலைக்குப் பாவிக்கும் நீல நிறக் கயிறு வீட்டில் நிறைய இருக்கிறது. தூக்குவதற்கு அது போதாதா? (அக்கரைப்பற்று)

பதில்: போதாது. அது பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன். நம் வெயிலில் நாரெல்லாம் பொடியாகும், வழுக்குவதால் முடிச்சும் நிற்பதில்லை. நைலோன் உறுதியானது, ஆனால் இரப்பரைப் போல நீளும். நங்கூரத்துக்கு நன்மையான அந்தக் குணம் மரத்தைத் தூக்கும்போது துள்ளலாக மாறும். 8 மில்லிமீற்றர் பின்னல் பொலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். அதைவிட மெல்லிய கயிறும் பாரத்தைத் தாங்கும், ஆனால் கையை அறுக்கும்.

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து வாவி வழியாக முகத்துவாரம் வரை போக விரும்புகிறேன். பாலங்களின் கீழ் தனியாக மரத்தைச் சாய்த்து எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் பாலத்தடியில் அல்ல. உங்கள் வழியில் முதலில் மண்முனைப் பாலமும், பின்னர் கல்லடியில் 1924இல் கட்டிய பழைய பாலமும் அதன் அருகே 2013இல் திறந்த புதிய பாலமும் வரும். கல்லடியில் அடுத்தடுத்து இரண்டு பாலங்களைக் கடக்க வேண்டியிருப்பதால், இடையில் மரத்தை நிமிர்த்த முயலாதீர்கள். பாலத்துக்கு நன்கு முன்பாகவே பாயை இறக்கிக் கட்டி, நங்கூரமிட்டு, படகு காற்றுக்கு முகம் கொடுத்து அமைதியானதும் மரத்தைச் சாய்த்து, கவைக்கட்டையில் கட்டுங்கள். பிறகு துடுப்பாலோ இயந்திரத்தாலோ கடந்து, மறுபக்கத்தில் மீண்டும் நங்கூரமிட்டு நிமிர்த்துங்கள்.

சாய்ப்பது நிமிர்த்துவதைவிடக் கவனம் வேண்டிய வேலை. மரம் சாயச் சாயக் கயிற்றில் பாரம் ஏறிக்கொண்டே வரும். களைத்த கை கடைசியில்தான் நழுவும். இழுகயிற்றைப் பிடிகட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் உராய்வைக் கொண்டே மெல்ல விடுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். சுக்கான்தடி, பாய்த்தடி ஆகியவற்றை முன்பே வழியிலிருந்து அகற்றிவிட வேண்டும்.

மரத்தைச் சாய்க்காமலே போய்விடலாம் என்று நினைத்தால், சென்ற மாதம் பார்த்த இடைவெளியை நம்ப வேண்டாம். ஆற்றுவாய் மணலால் மூடிக் கிடக்கும்போது மாரி மழை பெய்தால் வாவி மட்டம் உயரும். வாய் வெட்டிவிடப்பட்டால் மட்டம் இறங்கும், அப்போது பாலத்தடியில் நீரோட்டமும் கடுமையாகும். அந்த நாட்களில் தனியாகப் போகாதிருப்பதே நல்லது.

கேள்வி: படகு இறக்கும் இடத்தில் மின்கம்பிகள் குறுக்கே செல்கின்றன. தொடாமல் கவனமாக நிமிர்த்தினால் சரிதானே? (ஒலுவில்)

பதில்: சரியில்லை. நமது நாட்டின் விநியோகக் கம்பிகள் பலவற்றில் 11,000 அல்லது 33,000 வோல்ட்டு மின்சாரம் ஓடுகிறது. அந்த அழுத்தத்தில் மரம் கம்பியைத் தொடாமல் கிட்டப் போனாலும் மின் பாயக்கூடும். அலுமினியமும் கார்பன் நாரும் மின்னைக் கடத்தும், நனைந்த மரத்தடியும் ஓரளவு கடத்தும். மரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியை எட்டாத இடத்தில்தான் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்திய மரத்தோடு டிரெய்லரை இழுத்துச் செல்வது அதைவிட ஆபத்தானது. வேறு இடம் இல்லையெனில், மரம் படுத்த நிலையிலேயே படகை நீரில் இறக்கி, கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிமிர்த்துங்கள்.

கேள்வி: என் சிறு படகின் மரத்துக்குக் கம்பிகளே இல்லை, குறுக்குப் பலகையிலுள்ள துளை வழியாக நட்டு நிறுத்துகிறேன். 4 மீற்றர்தான், ஆனாலும் படகு ஆடும்போது துளைக்குள் விடுவது பெரும் பாடு. (திருக்கோவில்)

பதில்: துளையின் பின்பக்கத்தை வெட்டித் திறந்து, அதை மூட ஒரு கீல் பட்டியும் ஆணியும் பொருத்துங்கள். அப்போது மரத்தை முழுதாக மேலே தூக்கி நிறுத்தத் தேவையில்லை: அடியை ஏராவின் (படகின் அடிநடுவே நீளமாக ஓடும் கட்டை) மேலுள்ள குழியில் வைத்து, பின்னாலிருந்து முன்னோக்கி நடந்தபடி உயர்த்தி, திறப்புக்குள் தள்ளிப் பட்டியைப் பூட்டிவிடலாம். வெட்டியதால் பலகை பலமிழக்கும் என்பதால், அடிப்பக்கத்தில் இன்னொரு பலகையை ஒட்டித் திருகாணி போட மறக்க வேண்டாம்.

கேள்வி: எந்த நேரத்தில் நிமிர்த்துவது உகந்தது? (பொத்துவில்)

பதில்: விடிந்ததும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்திலும் பெரும்பாலும் காலைதான் அமைதியானது. வெயில் ஏறிக் கடற்காற்று எழும்பினால் பாதி நிமிர்ந்த மரத்தை அது பிடித்துத் தள்ளும். சித்திரை, ஐப்பசி மாதப் பிற்பகல்களில் இடி முழங்குவது கேட்டால், நிமிர்த்தும் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவிட்டுக் கரைக்கு வாருங்கள்.