விளையாட்டிலும் அடையாளத்திலும் பிளாக்செயின்: தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்விகள்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): கணினிப் பந்தய விளையாட்டு ஒன்றில் என்எஃப்டி (பிளாக்செயினில் உரிமை பதியப்படும் மின்னணுப் பொருள்) கார் வாங்க என் மகன் பணம் கேட்கிறான். நிறுவனம் மூடினாலும் கார் தன்னுடையதே என்கிறான். உண்மையா?

பதில்: பாதி உண்மை. பிளாக்செயின் என்பது பல கணினிகளில் நகலெடுத்து வைக்கப்படும், அழிக்க முடியாத மின்னணு ஏடு. அதில் பெரும்பாலும் பதிவாவது டோக்கனின் (உரிமைச் சீட்டு போன்ற மின்னணுப் பதிவு) எண்ணும் அதை வைத்திருக்கும் வாலட்டின் (மின்னணுப் பணப்பை) முகவரியும்தான். காரின் வேகமும் அது ஓடும் தடமும் நிறுவனத்தின் சர்வரில் இருப்பவை. எஃப்1 டெல்டா டைம் விளையாட்டில் 2019இல் ஒரு கார் 1,00,000 டாலருக்கும் மேல் விலைபோயிற்று; உரிமம் புதுப்பிக்கப்படாததால் 2022 மார்ச்சில் அவ்விளையாட்டே நின்றுபோயிற்று. வேறு விளையாட்டுகளுக்கான பொருள்களை நிறுவனம் ஈடாகத் தந்தது என்றாலும், அது நிறுவனத்தின் விருப்பமேயன்றி டோக்கன் பெற்றுத்தந்த உரிமையன்று. விளையாட்டுப் பொருள்களை விற்று வாங்குவதுதான் நோக்கமென்றால், ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டுத் தளத்தின் சந்தை அதை 2012 முதல் பிளாக்செயின் இல்லாமலே செய்து வருகிறது.

கேள்வி (பீனிக்ஸ்): வேலையில்லாத என் தம்பி இத்தகைய விளையாட்டில் சம்பாதிக்க முடியுமா?

பதில்: நம்பி இறங்க வேண்டாம். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்னும் பிளாக்செயின் விளையாட்டில் பழைய ஆட்டக்காரர்களின் வருமானம் புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்தையே பெரிதும் சார்ந்திருந்தது; வருகை குறைந்ததும் அவ்விளையாட்டின் நாணயமான டோக்கனின் விலை சரிந்தது. 2022 மார்ச்சில் அதன் பிளாக்செயினான ரோனின் வலைப்பின்னலில், பணமாற்றத்துக்கு ஒப்புதல் தரும் ஒன்பது சரிபார்ப்புச் சாவிகளில் (ரகசியக் குறியீடுகளில்) ஐந்தைக் கைப்பற்றியவர்கள் 60 கோடி டாலருக்கும் மேல் திருடினர். பரவலாக்கம் (அதிகாரம் ஒருவரிடம் குவியாமல் பலரிடம் பிரிந்திருப்பது) என்று விளம்பரப்படுத்தப்படுவது சில சமயம் இவ்வளவுதான். கிடைக்கும் ஆதாயத்துக்கு வருவாய்த் துறையான சார்ஸ் வரி கேட்கும் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி (மெரிபேங்க்): பிளாக்செயின் மின்சாரத்தை விழுங்குவதாகச் சொல்கிறார்களே?

பதில்: பிட்காயின் இன்றும் அப்படித்தான். எத்தீரியம் என்னும் மற்றொரு பிளாக்செயின் 2022 செப்டம்பரில் பதிவுகளைச் சரிபார்க்கும் முறையை மாற்றி, தன் மின்செலவை 99 சதவீதத்துக்கும் மேல் குறைத்துவிட்டது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ் ஆகியவற்றை பிளாக்செயினில் வைத்தால் மோசடி குறையுமா?

பதில்: விளையாட்டைவிட இங்கே பயன் சற்று அதிகம், ஆனால் அதில் பெரும்பங்கு மின்கையொப்பத்துக்கு (ஆவணத்தைத் தந்தவர் யார், அது மாற்றப்பட்டதா என்று காட்டும் மின்னணு முத்திரை) உரியது. பல்கலைக்கழகம் கையொப்பமிட்ட சான்றிதழை மாணவர் தம் கைபேசியிலேயே வைத்துக்கொள்ள, அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியும் (யாரும் பார்க்கக்கூடிய குறியீடு) ரத்தானவற்றின் விவரமும் மட்டும் பிளாக்செயினில் இருந்தால், வேலை தருபவர் யாரையும் தொலைபேசியில் கேளாமலே உண்மையை அறியலாம். இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2022இல் வெளியிட்ட பரவலாக்கப்பட்ட அடையாளத் தரமும் பிளாக்செயினைக் கட்டாயமாக்கவில்லை. அடையாள எண்ணையோ பிறந்த தேதியையோ பிளாக்செயினில் எழுதவே கூடாது. திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையை தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் நமது போப்பியா சட்டம் தருகிறது, அழிக்க முடியாத ஏட்டில் அதை நிறைவேற்றுவது எப்படி? தவிர, அட்டை தொலைந்தால் உள்துறை அலுவலக வரிசையில் நின்றாவது புதியது பெறலாம். மின்னணு அடையாளத்தை இயக்கும் ரகசியச் சாவி தொலைந்தால் என்ன வழி என்பதை, இத்திட்டத்தை விற்க வருபவரிடம் முதலில் கேளுங்கள்.