ஈம்ஸ் நாற்காலியும் 12/75 படமும்: பணம் கொடுக்கும் முன்

கேள்வி: ஒரே வீட்டிலிருந்து பழைய ஈம்ஸ் லவுஞ்ச் நாற்காலி ஒன்றும், ஓரத்தில் 12/75 என்று எழுதிக் கையெழுத்திட்ட நவீன ஓவியம் ஒன்றும் விலைக்கு வருகின்றன. இரண்டும் அசல் என்கிறார் விற்பவர். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: நாற்காலியின் முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் வடிவமைத்து, 1956-இல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்ட நாற்காலி இது. வளைத்த பிளைவுட் முதுகின் மரத்தைத் துளைத்து எந்தத் திருகும் வெளியே வராது. உலோக மரை பதித்த ரப்பர் வில்லைகளை உட்பக்கம் பசையால் ஒட்டி, அவற்றில்தான் கைப்பிடிகளை முடுக்கியிருப்பார்கள். சாயும்போது முதுகு லேசாக வளைந்து கொடுப்பது இந்த ரப்பரால். சாய்வுக் கோணத்தை மாற்ற நெம்புகோல் இருந்தால் அது நகல்.

வயதான நாற்காலியின் உயிர்நிலையும் இந்த வில்லைகளே. ரப்பர் இறுகும், பசை விடும். ஒரு பக்கம் விட்டதும் பாரம் முழுக்க மறுபக்கம் ஏறி, வில்லையோடு மரத்தகடும் பிய்ந்துவிடும். பெரும்பாலும் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே இது நடக்கும். அதனால் சாய்ந்து பார்க்காதீர்கள். முதலில் மெத்தையைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் வெடிப்போ, மரத்துக்கும் வில்லைக்கும் நடுவே மயிரிழை இடைவெளியோ தெரிந்தால் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள். வெளியிலிருந்து திருகு அடித்துச் சரிசெய்திருந்தால் விட்டுவிடுங்கள், அந்த மரத்தை மீட்க முடியாது.

மரம் பிரேசில் ரோஸ்வுட் என்றால் ஆவணம் கேளுங்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1992 முதல் அது இருக்கிறது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

அடுத்தது படம். 12/75 என்றால் 75 பிரதிகளில் ஒன்று, அதாவது அச்சுப் படம். ‘ஓவியம்’ என்று சொல்லி விற்பதே தவறு. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் ரோஜா இதழ்போல் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அது ஆஃப்செட் மறுபதிப்பு, அதாவது புத்தகம், சுவரொட்டிபோல் இயந்திரத்தில் அச்சிட்ட நகல். கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சில் (லித்தோகிராஃப்) புள்ளிகள் ஒழுங்கின்றி மணல்போல் சிதறியிருக்கும். பென்சில் கையெழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் பளபளக்கும், காகிதத்தில் மெல்லிய அழுத்தமும் தெரியும். அச்சிட்ட கையெழுத்தில் இரண்டும் இருக்காது. மறுபதிப்புக்கும் எண் போடுவார்கள் என்பதால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

படத்தின் சட்டத்தை (ஃபிரேம்) கழற்றிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். சட்டத்துக்குள் வைத்த அமிலம் கலந்த அட்டை, காகித ஓரத்தில் பழுப்புக் கோடு போட்டிருக்கலாம். காகிதத்தின் விளிம்பை வெட்டியும் இருக்கலாம்.